மயங்கியவர் யார்? மயக்கியது எது?

யாழ்ப்பாணத்தவர் ஆங்கிலம் கற்கத் தொடங்கி இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகின்றன. 1816இல் அமெரிக்க மிஷனரிமார் இங்கு வந்தனர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி தோன்றியது. 1841இல் ஆங்கிலமும் தமிழும் ஒருங்கே தாங்கி 'உதயதாரகை' வெளிவந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரும் நம்மவர்களே. கறல் விசுவநாதபிள்ளை ஒருவர், சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை மற்றவர். ஆங்கிலத்தோடு நமக்குள்ள உறவு இவ்வளவு பழையது.

இத்துணைப் பழக்கத்தின் பின்னரும் ஒரு சிறு பிழை நம்மை விட்டு நீங்கவில்லை. நீண்ட காலம் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையிலே சொல்கிறேன். எந்த வகுப்பிலும், எந்த ஆண்டிலும், அந்தப் பிழை வந்து தலைகாட்டாமல் இருந்ததில்லை. உத்தியோகத்துக்கு விண்ணப்பம் எழுதுகின்ற ஓர் இளைஞன், 'ஐ ஆம் இன்ரறெஸ்ரிங் இன் திஸ் போஸ்ற்' என்று எழுதுகிறான். 'இவ்வுத்தியோகத்திலே எனக்கு ஆர்வம் உண்டு' என்பது அவன் கருத்து. வாசிக்கின்ற அதிகாரிக்கோ, 'இவ்வுத்தியோகத்தைப் பொறுத்தவரை நான் மிகவும் சுவையான ஆள்' என்றே படுகின்றது. அதிகாரி சிறிது நகைப்பார். விண்ணப்பம் அடியிலே போய்விடும். எழுத வேண்டியது 'இன்ரறெஸ்ரெட்' என்பதாகும். சொல்லின் வாலிலே ஏற்பட்ட மாற்றம் ஒருவனுடைய வாழ்விலே ஒரு வாயிலை அடைத்துவிட்டது.

இப்பிழையைக் கண்டதும், 'கவனக்குறைவு' என்று சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்துவிட்டு அப்பாற் செல்வது ஆசிரியர் வழக்கம். அது கவனக்குறைவன்று என்பது என் துணிபு. நன்றாகப் படிக்கின்ற பிள்ளைகளும் இப்படியே எழுதுகிறார்கள். அறிவுள்ளவர் பலரும் ஒரே இடத்தில் வழுக்கி விழுகின்றார்களாயின், வழுக்கல் காலில் இல்லை, தரையில் இருக்கின்றது. அந்தத் தரையைச் சற்று ஆராய்வோம்.

காலமா? திசையா?

முதல் வழுக்கல் நாம் கற்பிக்கும் முறையிலே இருக்கின்றது. 'இங்' என்று முடிந்தால் நிகழ்காலம். 'எட்' என்று முடிந்தால் இறந்தகாலம். சிறு வகுப்பிலே இவ்வாறு மனனஞ் செய்விக்கிறோம். சில சொற்களுக்கு இது பொருந்தவே செய்யும். 'ஃபோலிங் லீவ்ஸ்' என்றால் விழுகின்ற இலைகள். 'ஃபோலன் லீவ்ஸ்' என்றால் விழுந்த இலைகள். 'பொயிலிங் வோட்டர்' கொதிக்கின்ற நீர். 'பொயில்ட் வோட்டர்' கொதித்த நீர். சுகாதார உத்தியோகத்தர் 'கொதித்தாறிய நீரைப் பருகுங்கள்' என்று சொல்கிறாரே, அங்கே பின்னது வேண்டும். முன்னதைப் பருகினால் நாக்கு வெந்துவிடும். இவ்விடங்களிலே வேறுபாடு காலத்தைப் பற்றியது. தமிழ்ப் பெயரெச்சமும் காலங் காட்டுவதாதலால், மாணவனுக்கு யாதொரு தொல்லையும் இல்லை.

ஆனால், மனவுணர்ச்சியைச் சொல்லும் சொற்களிலே அந்த விதி தலைகீழாகின்றது. 'சேப்பிறைசிங்', 'சேப்பிறைஸ்ட்' என்ற இரண்டுக்கும் இடையில் உள்ளது காலவேறுபாடு அன்று. முன்னது வியப்பை ஊட்டுவது. பின்னது வியப்பை அடைந்தது. உணர்ச்சி எங்கிருந்து புறப்பட்டு எங்கே போய்ச் சேர்கின்றது என்பதே அங்குள்ள வினா. காலம் அன்று, திசையே அதன் உயிர். மாணவனோ சிறு வகுப்பு விதியைக் கைவிடாது, 'நான் வியக்கின்றேன், நிகழ்காலம், ஆகவே இங்' என்று கணக்குப் போடுகின்றான். கணக்கு நேர்; விடை பிழை.

இரண்டாவது வழுக்கல் இன்னும் ஆழமானது. வியத்தல், அஞ்சுதல், சலித்தல், களைத்தல் என்பன தமிழிலே மனிதன் செய்யும் வினைகள். 'நான் பாம்புக்குப் பயந்தேன்' என்கிறோம். பயந்தவன் நான்; எழுவாயும் நானே. ஆங்கிலத்திலே அவ்வழக்கம் குறைவு. அங்கே பாம்பு எழுவாயாகின்றது. அது என்னைப் பயமுறுத்துகின்றது. புத்தகம் என்னைச் சலிப்பிக்கின்றது. வேலை என்னைக் களைப்பிக்கின்றது. செய்தி என்னை வியப்பிக்கின்றது. அதாவது, தமிழிலே தன்வினையாய் நிற்கும் உணர்ச்சிச் சொற்கள் பல ஆங்கிலத்திலே இயல்பாகவே பிறவினையாய்ப் பிறந்தவை. 'சேப்பிறைஸ்' என்ற வினைக்கு 'வியத்தல்' என்று பொருள் எழுதிக் கொடுத்த அன்றைக்கே பிழையின் வித்து ஊன்றப்பட்டுவிட்டது. 'வியப்பித்தல்' என்று எழுதிக் கொடுத்திருந்தால், வியப்பிக்கின்ற செய்தி, வியப்பிக்கப்பட்ட மனிதன் என்று மாணவன் தானாகவே பிரித்துக்கொள்வான்.

'மனிதருக்கு எட், பொருளுக்கு இங்' என்று ஒரு குறுக்குவழி சில வகுப்புகளிலே வழங்குகின்றது. பரீட்சைக்கு அது பாதி உதவும், உலகத்துக்கு உதவாது. சலிப்பூட்டும் மனிதர் உலகில் இல்லையா? மேடைகளிலே ஒலிவாங்கியைப் பற்றிக்கொண்டு விட மறுப்பவரை 'போறிங்' என்னாமல் வேறு எப்படிச் சொல்வது? அவரும் மனிதரே. மேலும் 'அட்மையர்' என்ற சொல்லைப் பாருங்கள். போற்றுதல் என்பது ஆங்கிலத்திலும் மனிதன் செய்யும் வினை. அங்கே போற்றுகின்ற மாணவனுக்கு 'இங்', போற்றப்படுகின்ற ஆசிரியருக்கு 'எட்'. மனிதன், பொருள் என்ற பிரிவு பயன்படாது. செய்தது எது, அடைந்தது எது என்ற பிரிவு ஒன்றே எங்கும் பொருந்தும்.

தொல்காப்பியர் கண்ட இடம்

தமிழ்ப் பெயரெச்சம் எவ்வளவு விரிந்த கையுடையது என்பதை நம்முடைய இலக்கண ஆசிரியர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். தொல்காப்பியமும் நன்னூலும் அது தழுவக்கூடிய பெயர்களை ஆறு வகையாக எண்ணிக் காட்டுகின்றன. 'படித்த' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். படித்த மாணவன் என்றால் செய்தவன். படித்த புத்தகம் என்றால் செயப்படுபொருள். படித்த பள்ளிக்கூடம் என்றால் இடம். படித்த விளக்கு என்றால் கருவி. படித்த காலம், படித்த படிப்பு என்பவற்றில் முறையே காலமும் தொழிலும். சொல்லிலே ஓர் எழுத்தும் மாறவில்லை. பின்னே வரும் பெயரைக் கொண்டு கேட்பவன் உறவை உணர்ந்துகொள்கிறான்.

ஆங்கில எச்சத்துக்கு இந்தத் தாராளம் கிடையாது. 'சாப்பிட்ட பையன்' என்று நாம் எளிதாகச் சொல்கிறோம். அதனை அப்படியே பெயர்த்து 'ஈற்றன் போய்' என்றால், ஏதோ ஒரு விலங்கு அந்தப் பையனைத் தின்றுவிட்டது என்று பொருளாகும்! செயப்படுபொருள் குன்றா வினையிலிருந்து வரும் இறந்தகால எச்சம், பெயருக்கு முன்னே நிற்கும்போது, பெரும்பாலும் அடைந்ததையே காட்டும், செய்தவனைக் காட்டாது. படித்த விளக்கையோ ஆங்கிலத்திலே ஓர் எச்சத்தால் சொல்லவே இயலாது. ஒரு வாக்கியத்தைப் பின்னே தொங்கவிட வேண்டும்.

தமிழின் இந்தத் தாராளத்துக்கும் ஒரு விலை உண்டு. அதனையும் நம் உரையாசிரியர்கள் மறைக்கவில்லை. 'புலி கொன்ற யானை' என்ற பழைய உதாரணத்தை நினைவுகூர்க. புலியைக் கொன்ற யானையா, புலியாற் கொல்லப்பட்ட யானையா? இறந்தது எது? 'தடுமாறு தொழிற்பெயர்' என்று இதற்குப் பெயரும் வைத்தார்கள். ஆங்கிலத்திலே முன்னதற்குக் 'கில்லிங்', பின்னதற்குக் 'கில்ட்' என்று வந்துவிடும், தடுமாற்றத்துக்கு இடமில்லை. வட்டுக்கோட்டையிலே ஆங்கிலம் பயின்று பட்டமும் பெற்ற அதே தாமோதரம்பிள்ளைதான், 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையுடன் அச்சிற் கொண்டுவந்தார். அதனைப் பார்வையிட்டு உதவியவர் நல்லூர் ஆறுமுக நாவலர். நாவலரும் வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே ஆங்கிலம் கற்று, அங்கேயே கற்பித்தவர்; பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர். புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையர் எழுதிய குறிப்புகளோடு அதே சொல்லதிகாரம் 1938இல் சுன்னாகத்திலிருந்து மறுபடியும் வெளிவந்தது. ஆகவே, ஆங்கில எச்சத்திலே நம் பிள்ளைகள் இடறும் இடத்துக்கு வேண்டிய விளக்கு இந்த மண்ணிலேயே ஏற்றிவைக்கப்பட்டிருக்கின்றது. ஆங்கில ஆசிரியர் ஓர் அறையிலும் தமிழாசிரியர் வேறோர் அறையிலும் இருப்பதனால், அந்த வெளிச்சம் சுவரைத் தாண்டவில்லை. அவ்வளவுதான்.

ஒரு மெல்லெழுத்தும் ஒரு வல்லெழுத்தும்

தமிழிலே இந்தத் திசையைக் காட்டும் கருவி இல்லையென்று யாரும் எண்ணிவிடலாகாது. ஆங்கிலம் அதனைச் சொல்லின் வாலிலே வைத்தது. தமிழ் அதனைச் சொல்லின் நடுவிலே வைத்திருக்கின்றது. மயங்கிய மாணவன், மயக்கிய வினா. வருந்திய தாய், வருத்திய செய்தி. கலங்கிய உள்ளம், கலக்கிய கடிதம். உருகிய நெஞ்சு, உருக்கிய பாட்டு. மெல்லெழுத்து நின்றால் அடைந்தது. அது வல்லெழுத்தாய் மாறினால் அடைவித்தது. உருகு என்பதிலே ஓர் ஒற்று மிகுந்து உருக்கு ஆனதே போதுமாயிற்று. எவ்வளவு சிக்கனமான ஏற்பாடு!

வகுப்பிலே நான் கண்ட அனுபவம் இது. 'கன்பியூசிங்', 'கன்பியூஸ்ட்' என்ற இரண்டையும் ஆங்கில விதிகளால் விளக்கினால் பாதி வகுப்பு விழிக்கும். 'முன்னது மயக்கிய, பின்னது மயங்கிய' என்று கரும்பலகையில் எழுதினால், பின்வரிசைப் பிள்ளையும் தலையை ஆட்டும். இச்சோடி அமையாத வினைகளுக்கு 'ஊட்டிய' என்பதனைச் சேர்த்துக்கொள்ளலாம்: களைத்த உழவன், களைப்பூட்டிய வேலை, சலித்த வாசகன், சலிப்பூட்டிய கதை. ஒரு வாரம் இவ்வாறு பழகினால் விண்ணப்பக் கடிதம் பிழைத்துவிடும்.

ஒத்த முகமுடைய ஆங்கில உரிச்சொற்களையும் இந்த முறையிலேயே அணுகலாம். முதலிற் பொருளைத் தமிழிலே பிரித்துவிட்டு, பின்பு ஆங்கிலச் சொல்லைத் தேட வேண்டும். விட்டுவிட்டுப் பெய்யும் மழை 'கொன்ரினியுவல்'. விடாது பெய்யும் மழை 'கொன்ரினியுவஸ்'. மாரி காலத்திலே இரண்டையும் நாம் அறிவோம். குழந்தையுள்ளம் 'சைல்ட்லைக்', சிறுபிள்ளைத்தனம் 'சைல்டிஷ்'. நாட்டின் பொருளாதாரத்தைச் சார்ந்தது 'எக்கொனொமிக்'. எண்ணெயைக் குறைவாகக் குடிக்கும் அடுப்பு 'எக்கொனொமிக்கல்'. வழக்கில் அக்கறையற்று உறங்கும் நீதிபதி 'அன்இன்ரறெஸ்ரெட்'. எப்பக்கமும் சாயாத நீதிபதி 'டிஸ்இன்ரறெஸ்ரெட்'. இருவரில் எவர் முன் நிற்க விரும்புவோம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வரலாற்றைப் பற்றியது 'ஹிஸ்ரொறிக்கல்'. வரலாற்றிலே தடம் பதிப்பது 'ஹிஸ்ரொறிக்'. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது அழிந்த ஏடுகளும் ஆவணங்களும் முன்னதைச் சேர்ந்தவை. அந்த எரிப்போ பின்னதைச் சேர்ந்தது.

'எரிக்கப்பட்டபோது' என்று எழுதினேன். 'எரிந்தபோது' என்று எழுதவில்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை யாழ்ப்பாணத்திலே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. விண்ணப்பக் கடிதத்திலே தொடங்கிய நமது ஆராய்ச்சி இந்த இடத்துக்கே வந்து சேர வேண்டியிருந்தது.

சொல்லுக்குள்ளே செய்தவர்

எச்சத்தின் திசை வகுப்பறைக்கு வெளியே வரும்போது அது இலக்கணமாக மட்டும் நிற்பதில்லை, சாட்சியமாகின்றது. இதற்கு நம்முடைய அண்மை வரலாறே போதும்.

1990 ஒக்டோபர் 30. விடுதலைப் புலிகளின் கட்டளையினால், யாழ்ப்பாண முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்திலே வீடு வாசல்களை விட்டுப் போயினர். அவர்களை 'வெளியேறிய முஸ்லிம்கள்' என்று எழுதுவோரும் உளர். 'வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள்' என்று எழுதுவோரும் உளர். முன்னதிலே, அவர்கள் தாமாகவே பயணம் புறப்பட்டது போன்ற தோற்றம். பின்னதிலே, வெளியேற்றிய கை ஒன்று இருந்தது என்ற உண்மை. 'றகர' ஒற்று ஒன்று உள்ளே வந்து நிற்கின்றது. அவ்வளவுதான் எழுத்து வேறுபாடு. ஆயினும், அந்த ஒற்றை எழுதுவதற்கு நம்மவர் பலருக்கு நெடுங்காலம் கை வரவில்லை என்பதையும் சொல்லியே ஆகவேண்டும்.

சரியாக ஐந்து ஆண்டுகளின் பின், 1995 ஒக்டோபர் 30. படையினர் முன்னேறி வந்துகொண்டிருந்தனர்; வெளியேறுமாறு புலிகளின் அறிவித்தலும் வந்தது. வலிகாமத்து மக்கள் கொட்டும் மழையிலே தென்மராட்சியை நோக்கி நடந்தனர். அவர்களை நாம் 'இடம்பெயர்ந்தோர்' என்கிறோம். ஆங்கில ஆவணங்கள் 'டிஸ்பிளேஸ்ட்' என்கின்றன. இரண்டும் ஒன்றென எண்ணுகிறோம், ஒன்றல்ல. தமிழ்ச் சொல்லிலே பெயர்ந்தவர் தாமே பெயர்ந்தார். ஆங்கிலச் சொல்லிலே அவர் பெயர்க்கப்பட்டார். ஆனால் ஆங்கிலச் சொல்லையும் அளவுக்கு மேற் புகழ வேண்டியதில்லை. அடைந்தவரை அது காட்டுகின்றது. செய்தவரின் பெயரைச் சொல்லாமல் மௌனமாக நின்றுவிடுகின்றது. அதனைச் சொல்வதற்கு எழுதுகின்றவனுக்கு நேர்மை வேண்டும். எந்த மொழியின் இலக்கணமும் அந்த நேர்மையை இலவசமாகத் தராது.

மூன்றாவது உதாரணம் இன்றும் ஆறாத புண். உறவுகளைத் தொலைத்த குடும்பங்கள் வடக்கிலே ஆயிரமாயிரம். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தினால் இதற்கென ஓர் அலுவலகம் அமைக்கப்பட்டது. அதன் ஆங்கிலப் பெயரில் உள்ள எச்சம் 'மிஸ்ஸிங்' என்பது. தமிழிலே 'காணாமற் போன' என்று வரும். 2017 பெப்ரவரியிலே கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்திலே அமர்ந்து போராடத் தொடங்கிய தாய்மார் அந்தச் சொல்லை ஏற்கவில்லை. 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்பதே அவர்களின் சொல். வழி தவறிய ஆடு காணாமற் போகும். கடலுக்குப் போன தோணி காணாமற் போகும். கண் முன்னே அழைத்துச் செல்லப்பட்ட மகனைக் காணாமற் போனவன் என்று ஒரு தாய் எப்படிச் சொல்வாள்?

இவ்விடத்திலே ஆங்கிலமும் தன் இலக்கணத்தைச் சற்று வளைத்துக்கொள்ள நேர்ந்தது. 'டிஸ்அப்பியர்' என்பது செயப்படுபொருள் குன்றிய வினை; மறைதல் என்பது அதன் பொருள். ஒருவரை இன்னொருவர் மறைந்துவிடச் செய்வதைச் சொல்ல அதனிடம் வடிவம் இல்லை. 1970களிலே ஆர்ஜென்ரீனா, சிலி முதலிய நாடுகளில் இராணுவ ஆட்சிகள் ஆயிரக்கணக்கானோரை மறையச் செய்தபோது, அந்நாட்டு ஸ்பானிய மொழியிலே அவர்களைக் குறித்து எழுந்த சொல்லைத் தழுவி, ஆங்கிலமும் அந்த வினையைப் பிறவினையாக்கிக்கொண்டது. 1977இல் ஆர்ஜென்ரீனத் தலைநகரின் சதுக்கத்திலே கூடிய தாய்மார் அச்சொல்லை உலகறியச் செய்தனர். 2006இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற சருவதேச சமவாயத்தின் பெயரிலும் 'வலிந்து' என்ற அடையோடு அந்தச் சொல் ஏறியது. இலங்கை 2016இல் அச்சமவாயத்தை ஏற்றுறுதி செய்தது. 2018இல் சட்டமும் இயற்றியது.

ஆங்கிலம் வளைத்துப் பெற்றதனைத் தமிழ் இயல்பாகவே பெற்றிருந்தது. ஆகு என்பது தன்வினை. ஆக்கு என்பது பிறவினை. இடையிலே ஒரு ககர ஒற்று. பண்டிதர்களும் பேராசிரியர்களும் கூடி ஆக்கிய கலைச்சொல் அன்று அது. பள்ளிக்கூடத்திலே தன்வினை பிறவினை பற்றி என்றோ கேட்டு மறந்துவிட்ட பெண்களுக்கும் அந்த ஒற்று எங்கே வரவேண்டும் என்பது தெரிந்திருந்தது. மொழி உயிரோடிருப்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டுமா?

ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம்

ஆங்கில எச்சங்களைக் கற்பிக்கும்போது, காலத்தைப் பற்றிய விதியோடு நிறுத்திவிடாதீர்கள். இரண்டு வினாக்களைப் பிள்ளைகளின் கையிலே கொடுத்துவிடுங்கள். செய்தது எது? அடைந்தது எது? விடை தமிழிலே முதலில் வரட்டும். மயங்கியவன், மயக்கியது என்று நாவிலே தெளிந்த பின்னர் ஆங்கில வால் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். கூடுமாயின், அந்தப் பாடத்தன்று தமிழாசிரியரையும் வகுப்புக்கு அழையுங்கள். பெயரெச்சம் தழுவும் ஆறு பெயர்களையும் அவர் சொல்லட்டும். ஆங்கிலம் அவற்றுள் எவற்றைத் தழுவும், எவற்றைத் தழுவாது என்பதை நீங்கள் சொல்லுங்கள். வட்டுக்கோட்டையிலே இரு மொழியையும் ஒரே கூரையின் கீழ்ப் பயின்ற தலைமுறைக்கு அது புதுமையன்று.

அந்த இரண்டு வினாக்களும் பரீட்சையோடு முடிந்துவிடுவனவுமல்ல. நாளை அந்தப் பிள்ளை பத்திரிகைக்கு எழுதலாம், நீதிமன்றத்திலே மொழிபெயர்க்கலாம், கிராம அலுவலராய் அமர்ந்து ஒரு தாயின் முறைப்பாட்டைப் பதிவு செய்யலாம். 'வீடு எரிந்தது' என்று எழுதுவதா, 'எரிக்கப்பட்டது' என்று எழுதுவதா என்று அவனுடைய பேனா ஒரு கணம் தயங்குமாயின், அந்தத் தயக்கமே நாம் கற்பித்த இலக்கணத்தின் பயன்.